பொதுப் பதிவேடுகளில் ஓர் ஆளைத் தேடுதல்: காலின் கவுண்டி அனுபவம்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவான காலின் கவுண்டியில் ஒருவருடைய முகவரியைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், ஆள் தேடித் தரும் கட்டணத் தளங்களுக்காகக் கடன் அட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அங்குள்ள சொத்து மதிப்பீட்டு ஏட்டையும் கவுண்டி கிளர்க் (ஆவணப் பதிவு அலுவலர்) அலுவலகத்தின் பத்திரப் பதிவேட்டையும் பார்த்துவிடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. இரண்டையும் வீட்டிலிருந்தே இணையத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் அவை ஆளைத் தேடுவதற்காக உருவானவை அல்ல. வரி வசூலிக்கவும் நிலத்தின் உரிமையை நிலைநாட்டவும் உருவானவை. அதை மனத்தில் கொள்ளாமல் தேடுகிறவர், அதிலும் தமிழ்ப் பெயர் ஒன்றைத் தேடுகிறவர், முதல் நாளிலேயே சலித்துப்போவார். நானும் அப்படித்தான் சலித்துப்போனேன்.

தேடவேண்டி வந்த காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்சி பெல் நிறுவனத்தில் என் தந்தையோடு பணிபுரிந்து, கைலாசபுரம் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி வசித்த நண்பர் ஒருவர், ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் உள்ள மகனிடம் போய்ச் சேர்ந்தார். 2017 பொங்கலுக்கு அவரிடமிருந்து ஒரு வாழ்த்து மடல் வந்தது. மகன் ஃப்ரிஸ்கோவில் புது வீடு வாங்கியிருக்கிறான், கொல்லைப்பக்கம் பள்ளிக்கூடம், பிள்ளைகள் விளையாடும் சத்தம் நாள் முழுவதும் கேட்கிறது என்று அதில் எழுதியிருந்தார். அனுப்புநர் முகவரியை மட்டும் எழுதவில்லை. அதன்பின் தொலைபேசி எண் மாறிவிட்டது, கடிதமும் இல்லை. நான் காலின் கவுண்டியின் பிளேனோவில் குடியிருக்கிறேன் என்பதால், 'உன் ஊருக்குப் பக்கத்து ஊர்தானே, ஒரு எட்டுப் போய் விசாரித்துவிட்டு வா' என்றார் அப்பா. கைலாசபுரத்தில் அப்படி விசாரித்துவிடலாம். ஃப்ரிஸ்கோவில் யாரிடம் போய் விசாரிப்பது?

1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் காலின் கவுண்டியின் மக்கள்தொகை 2 லட்சத்து 64 ஆயிரம்; 2020இல் அது 10 லட்சத்து 64 ஆயிரம். பருத்தி விளைந்த கரிசல் நிலத்தில் தெருத்தெருவாக வீடுகள் எழும்பின. ஃப்ரிஸ்கோ நகரில் 2000ஆம் ஆண்டில் 34 ஆயிரத்துக்கும் குறைவானவர்களே இருந்தார்கள். இருபது ஆண்டுகளில் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். டொயோட்டா தன் வட அமெரிக்கத் தலைமையகத்தைக் கலிபோர்னியாவிலிருந்து பிளேனோவுக்கு மாற்றப்போவதாக 2014இல் அறிவித்து 2017இல் திறந்தது போன்ற மாற்றங்கள் ஒவ்வொன்றும் புதிய குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கின. இப்படி வளர்கிற இடத்தில் பக்கத்து வீட்டாரே ஐந்தாண்டுகளுக்கு முன் வந்தவராக இருப்பார். ஆகவே மனிதரை விசாரிப்பதைவிட ஏட்டை விசாரிப்பதுதான் வழி.

முதலில் நான் செய்த தவற்றைச் சொல்லவேண்டும். அவசரத்தில் ஆள் தேடித் தரும் வணிகத் தளம் ஒன்றில், ஒரு டாலர் சோதனைக் கட்டணம் என்ற அறிவிப்பை நம்பிப் பணம் கட்டினேன். தளத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஏறத்தாழ எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. 'குற்றப் பதிவுகளைச் சோதிக்கிறோம்', 'உறவினர்களைச் சோதிக்கிறோம்' என்று பச்சைக் கோடு ஒன்று பத்து நிமிடம் ஊர்ந்த பிறகு ஓர் அறிக்கை வந்தது. அதில் நியூ ஜெர்சியில் உள்ள ஒருவரின் வயதும், ஒஹாயோவில் உள்ள மற்றொருவரின் முகவரியும், உறவினர் என்ற பெயரில் யாரென்றே தெரியாத மூவரும் ஒரே மனிதருக்குள் பிசைந்து வைக்கப்பட்டிருந்தன. சோதனைக் காலம் முடிந்ததும் மாதச் சந்தா தானாகத் தொடங்கியதை இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். வேலைக்கு ஆள் எடுக்கவோ வாடகைக்குக் குடிவைக்கவோ இந்த அறிக்கையைப் பயன்படுத்தக் கூடாது என்று இத்தகைய தளங்களின் அடியில் சிறிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருக்கும். அந்தப் பயன்பாடுகளை 1970ஆம் ஆண்டின் நியாயக் கடன் அறிக்கைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது என்பதும், தாங்கள் அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனம் அல்ல என்று அவர்கள் கைகழுவிக்கொள்கிறார்கள் என்பதும் அதன் பொருள். தன் சரக்கின் மீது தனக்கே இவ்வளவுதான் நம்பிக்கை என்று ஒரு கடை வாசலில் எழுதி வைத்தால் நாம் உள்ளே போவோமா?

இனி அரசு ஏடுகளுக்கு வருகிறேன். டெக்சஸில் ஒவ்வொரு கவுண்டிக்கும் ஒரு மதிப்பீட்டு மாவட்டம் உண்டு. ஆண்டுதோறும் ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி ஒவ்வொரு சொத்துக்கும் மதிப்பு நிர்ணயிப்பது அதன் வேலை. காலின் கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகம் மெக்கின்னியில் இருக்கிறது; அதன் தளத்தில் உரிமையாளர் பெயரைக் கொடுத்தும் தேடலாம், முகவரியைக் கொடுத்தும் தேடலாம். தமிழ்நாட்டில் வில்லங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே சர்வே எண்ணையோ பத்திர எண்ணையோ கொடுத்து நிலத்திலிருந்து ஆளுக்குப் போகிறோம். இங்கே ஆளிலிருந்து நிலத்துக்குப் போக முடிகிறது. ஒரு வீட்டின் பக்கத்தைத் திறந்தால் உரிமையாளர் பெயர், வரிக் கடிதம் போகும் அஞ்சல் முகவரி, மனைப்பிரிவின் பெயர், கட்டிய ஆண்டு, மதிப்பு, வரிவிலக்குகள், பத்திரம் கைமாறிய தேதிகள் ஆகியவை கிடைக்கின்றன. என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பது மட்டும் இருக்காது. விற்பனை விலையை வெளியிடவேண்டிய கட்டாயம் டெக்சஸில் இல்லை. வீட்டின் உள் வரைபடத்தையும், உரிமையாளர் 65 வயதைக் கடந்தவர் என்று காட்டும் விவரத்தையும் இணையத்தில் போடக் கூடாது என்று வரிச் சட்டமே தடுத்திருக்கிறது. முதியவர் வீடுகளைப் பொறுக்கி எடுத்து ஏமாற்ற வருகிறவர்களை நினைத்தால், அது அவசியமான தடைதான்.

இந்தப் பக்கத்தில் ஆள் தேடுகிறவருக்கு மிகவும் பயன்படுவது ஹோம்ஸ்டெட் எனப்படும் குடியிருப்பு வரிவிலக்கு. சொந்த வீட்டில் தானே குடியிருப்பவர் விண்ணப்பித்துப் பெறுவது அது. அந்தக் குறி இருந்தால் உரிமையாளர் அங்கேயே வசிக்கிறார் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அது இல்லாமல், அஞ்சல் முகவரியும் வேறாக இருந்தால், வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று ஊகிக்கலாம். அப்போது அந்த அஞ்சல் முகவரியே நமக்கு வேண்டியது. தகவலைத் தருவது மட்டுமல்லாமல் அதை எவ்வளவு நம்பலாம் என்பதற்கும் அளவுகோல் தருகிற ஏடு இது என்பதே, பணம் வாங்கும் தளங்களுக்கு இல்லாத இதன் சிறப்பு.

சரி, அப்பாவின் நண்பர் பெயரை இட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை.

அவர் பெயர் முருகனின் பெயர்களில் ஒன்று. அதை ஆங்கிலத்தில் எழுத எத்தனை வழி உண்டு என்று தமிழர் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. கடைசி எழுத்து என்னா எம்மா, நடுவே ஐ வருமா ஒய் வருமா, யு ஒன்றா இரண்டா என்று ஒரு மணி நேரம் மாற்றி மாற்றி இட்டேன். ஏடு எழுத்தை அறியும், உச்சரிப்பை அறியாது. மேலும், இங்குள்ள சொத்து ஏடுகளில் பின்பெயர் முதலில் வரும், முன்பெயர் பிறகு வரும். நமக்கோ பின்பெயர் என்பதே இரவல் சட்டை. கடவுச்சீட்டில் பின்பெயர் இடத்தைக் காலியாக விட்டு வந்தவர்களுக்கு, அமெரிக்க விசாவில் அவர்களுடைய சொந்தப் பெயரைப் பின்பெயராக்கி, முன்பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று, அதாவது முன்பெயர் தெரியவில்லை என்று, அச்சிட்டுவிடுவது வழக்கம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் இருக்க, பெயர் தெரியாதவர் என்ற பட்டத்தோடு ஓட்டுநர் உரிமம் வாங்கியவர்களை எனக்கே தெரியும். ஆகையால் தமிழர் ஒருவரைத் தேடும்போது பெயரை முன்பின்னாக மாற்றி இரண்டு முறையாவது தேடவேண்டும். தலையெழுத்தை விரித்து எழுதியிருக்கலாம், விட்டிருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும். பெயர் பிரிவது இந்த ஊருக்கும் புதிதல்ல என்று சொல்லி என்னை நானே தேற்றிக்கொண்டேன். 1836இல் டெக்சஸ் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரான காலின் மெக்கின்னியின் முன்பெயர் கவுண்டிக்கும் பின்பெயர் அதன் தலைநகருக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அன்று இரவு அப்பாவோடு பேசியபோது, 'அவன் பேர்ல அங்க என்ன இருக்கப்போகுது, எல்லாம் பையன் வாங்கினதுதானே' என்று அவர் போகிறபோக்கில் சொன்னார். அதுதான் திறவுகோல். நண்பர் பெயரில் வீடு இருக்காது, வண்டி இருக்காது, வழக்கும் இருக்காது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களே வாக்களிக்க முடியும் என்பதால் வாக்காளர் பட்டியலிலும் அவர் இருக்க வாய்ப்பில்லை. மகன் வீட்டின் பின்னறையில் வாழும் ஒரு தந்தை எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் நம் வழக்கப்படி அவருடைய பெயர்தான் மகனுக்குப் பின்பெயர். அவரைத் தேட, அவர் பெயரையே பின்பெயராக இட்டுத் தேடவேண்டும். முன்பெயர் எதுவாகவும் இருக்கட்டும் என்று விட்டுவிடவேண்டும். அப்படி விட்டதும் நாற்பதுக்கு மேற்பட்ட வீடுகள் வரிசையாக வந்து நின்றன.

மகனை நாங்கள் 'பாபு' என்றுதான் கூப்பிடுவோம். பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயர் எனக்கும் அப்பாவுக்கும் நினைவில்லை. எனவே நகரம் ஃப்ரிஸ்கோ, கட்டிய ஆண்டு 2015 முதல் 2017க்குள், குடியிருப்பு விலக்கு உண்டு என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்ததில் ஐந்து வீடுகள் எஞ்சின. ஐந்தின் பின்னாலும் பள்ளிக்கூடம் இல்லை. இந்த இடத்தில்தான் புறநகர்க் கவுண்டியில் தேடுகிறவர்கள் பலரும் கைவிடுவார்கள் என்று நினைக்கிறேன். ஃப்ரிஸ்கோ நகரம் காலின் கவுண்டிக்குள் மட்டும் இல்லை. அதன் மேற்குப் பகுதி டென்டன் கவுண்டியைச் சேர்ந்தது. புராஸ்பரும் செலைனாவும் அப்படியே இரண்டு கவுண்டிகளில் கால்வைத்து நிற்கின்றன. வைலி மூன்றில் நிற்கிறது. டாலஸ் நகரத்தின் ஒரு துண்டு காலினுக்குள் இருக்கிறது. நகரங்கள் வளர்ந்து எல்லையைக் கடந்துவிட்டாலும் ஏடுகள் கவுண்டியோடு நின்றுவிடுகின்றன. அஞ்சல் முகவரியில் கவுண்டியின் பெயர் இராது என்பதால், தேடுகிறவரேதான் இரண்டு வாசலையும் தட்டிப் பார்க்கவேண்டும். டென்டன் கவுண்டியின் மதிப்பீட்டுத் தளத்தில் அதே வடிகட்டலைச் செய்ததில் இரண்டு வீடுகள் வந்தன. வரைபடத்தில் ஒன்றின் பின்வேலியை ஒட்டித் தொடக்கப்பள்ளி ஒன்றின் மைதானம் இருந்தது.

ஆள் அவர்தானா என்று உறுதிசெய்ய டென்டன் கவுண்டி கிளர்க் அலுவலகத்தின் பத்திரப் பதிவேடு உதவியது. இது மதிப்பீட்டு ஏட்டிலிருந்து வேறானது. கிரயப் பத்திரம், அடமானம், அடமான விடுவிப்பு எல்லாம் கொடுத்தவர் பெயரிலும் வாங்கியவர் பெயரிலும் அட்டவணையாகப் பதிவாகும். டெக்சஸில் வாங்குகிறவரின் அஞ்சல் முகவரி பத்திரத்தில் இருக்கவேண்டும் என்பது பல பத்தாண்டுகளாகச் சட்டம். அதே பத்திரத்தின் தலைப்பில், உங்கள் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் ஓட்டுநர் உரிம எண்ணையும் பதிவுக்கு முன் நீக்கிக்கொள்ளலாம் என்ற அறிவிப்பும் இருக்கும். வாங்கும் அன்று நாற்பது கையெழுத்துகளுக்கு நடுவே இதைப் படித்தவர்கள் குறைவாகவே இருப்பார்கள். அட்டவணையைத் தேடக் கட்டணம் இல்லை. நகல் வேண்டுமானால் பக்கத்துக்கு ஒரு டாலர், சான்றளித்த நகலுக்கு அதற்கு மேல் ஐந்து டாலர் என்பது மாநிலச் சட்டம் வகுத்த அளவு. பத்திரம் 2016இன் இறுதியில் பதிவாகியிருந்தது. மகனின் பெயருக்கு அடுத்து மனைவியின் பெயரும் இருந்தது. அப்பா இரண்டு நாள் இரும்புப் பெட்டியைக் குடைந்து, மஞ்சள் தடவிய பழைய திருமண அழைப்பிதழை எடுத்துப் படித்துக் காட்டினார். மணமகளின் பெயர் அதேதான். பத்திரத்தில் இருந்த முன்பெயர்தான் மணமகன் பெயராகவும் அச்சாகியிருந்தது. அதைக் கேட்டதும் 'பாபு' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்றே எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

நான் பயன்படுத்தாத, ஆனால் வேறொருவருக்கு உதவக்கூடிய ஏடுகளும் உண்டு. திருமண உரிமம், வணிகப் பெயர்ப் பதிவு, உயில் வழக்கு ஆகியவை கவுண்டி கிளர்க்கிடம் இருக்கும். மணமுறிவு வழக்கு, மாவட்ட நீதிமன்ற ஆவணங்களைக் காக்கும் டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிடம் இருக்கும். தேடப்படுபவர் உயிரோடு இருக்கிறாரா என்ற ஐயம் இருந்தால் உயில் வழக்குகளின் அட்டவணையைப் பார்ப்பது பயன்தரும், ஏனென்றால் டெக்சஸில் இறப்புப் பதிவு 25 ஆண்டுகளுக்கும் பிறப்புப் பதிவு 75 ஆண்டுகளுக்கும் வெளியார் பார்வைக்கு வராது. நீதிமன்ற வழக்குகளையும் பெயர்வழி தேட முடியும். ஆனால் நான் அதைத் திறக்கவில்லை. ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும் நம் கூட்டத்தில், எவரோ ஒருவரின் வழக்கை எவரோ ஒருவரின் தலையில் ஏற்றிப் பார்க்கும் ஆபத்து அதில் அதிகம்; அதைவிட, முகவரி தேடப் போனவனுக்கு அடுத்தவர் வீட்டுச் சண்டையில் என்ன வேலை என்றும் தோன்றியது. வண்டி எண்ணைக் கொடுத்து ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்; 1994இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் அதற்குக் கடும் வரம்பு விதித்துவிட்டது.

இணையத்தில் இல்லாத அரசு ஆவணத்தை டெக்சஸ் பொதுத் தகவல் சட்டத்தின்படி எழுதிக் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலகம் விசாரிக்கக் கூடாது என்பது அச்சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி. பழைய குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு பிளேனோவின் ஹாகர்ட் நூலகத்தில் உள்ள வம்சாவழிப் பிரிவு நல்ல இடம். ஆனால் நாமெல்லாம் நேற்று வந்தவர்கள், அந்த அலமாரிகளில் நமக்கு இன்னும் இடமில்லை.

குறைகளையும் சொல்லவேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் சொத்து ஏட்டில் வரவே மாட்டார். இந்தியாவிலிருந்து புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் முதல் சில ஆண்டுகள் அடுக்ககங்களில் வாடகைக்கு இருப்பவர்களே. வீட்டை அறக்கட்டளைப் பெயரிலோ நிறுவனப் பெயரிலோ வைத்திருப்பவரும் பெயர்த் தேடலுக்குச் சிக்கமாட்டார். புது வீடு விற்ற பிறகும் சில காலம் கட்டுநர் பெயரிலேயே ஏட்டில் நிற்கும். நீதிபதிகள், காவலர்கள், குடும்ப வன்முறைக்கு ஆளானோர் முதலியோர் தம் முகவரியை மறைத்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படி ஒருவர் மறைத்திருந்தால் தேடலை அங்கேயே நிறுத்திவிடுவது மரியாதை. சாதாரணக் குடிமகனுக்கு அந்த வசதி இல்லை. என் பெயரை இட்டுப் பார்த்தேன். என் வீடு, என் மனைவியின் பெயர், வாங்கிய தேதி எல்லாம் ஐந்து விநாடியில் வந்தன. கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகவரி கிடைத்ததும் போய்க் கதவைத் தட்டலாம் என்று அப்பா சொன்னார். இருபது நிமிடத் தொலைவுதான். ஆனாலும் நான் போகவில்லை. முன்பின் அறியாத ஒருவன் ஏட்டில் பார்த்தேன் என்று வாசலில் வந்து நின்றால் என் வீட்டில் என்ன வரவேற்பு கிடைக்குமோ, அதுதான் அங்கும் கிடைக்கும். தமிழில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, அப்பாவின் பெயரையும் கைலாசபுரம் வீட்டு எண்ணையும் என் தொலைபேசி எண்ணையும் குறிப்பிட்டு, விருப்பமிருந்தால் அழையுங்கள், இல்லையென்றால் தொந்தரவு செய்யமாட்டேன் என்று முடித்து அஞ்சலில் அனுப்பினேன். பன்னிரண்டாம் நாள் மகன் அழைத்தார். பெரியவர் நலமாக இருக்கிறார். காது மட்டும் சரியாகக் கேட்பதில்லை, அதனால் தொலைபேசியைத் தொடுவதில்லை. மறுநாள் காலை காணொளியில் இரண்டு பேரும் ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாமலேயே முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

என்னை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மகன் கேட்டார். மதிப்பீட்டு ஏட்டில் அவர் வீட்டுப் பக்கத்தின் இணைப்பை அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு, தன் தந்தை பெயரில் ஓர் எழுத்து குறைகிறதே, வாங்கிய நாளிலிருந்து இதைக் கவனிக்கவில்லையே என்றார். பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால் திருத்தக் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் போனதாகத் தெரியவில்லை.